பழைய பூசை, காலி ஆசனம், தீராத சந்தேகம்: மரபுக் கத்தோலிக்கர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் லத்தீன் பூசைக்குப் போகிறவன் என்று தெரிந்தால் போதும், யாராவது ஓரமாகக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்பார்கள். பத்தில் எட்டு ஏற்கெனவே கேட்ட கேள்வியாகத்தான் இருக்கும். அவற்றை, கேட்டவர்களின் பேச்சிலேயே, இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். நான் திருத்தந்தையை (போப்பை) ஏற்றுக்கொண்டு பழைய பூசைக்குப் போகும் ஆள். அந்தச் சாய்வு பதில்களில் தெரியும், மறைக்க முயலவில்லை.

1. மரபுக் கத்தோலிக்கர்னா லத்தீன் பூசைக்குப் போறவங்க, அவ்வளவுதானே?

அவ்வளவு இல்லை. உலக ஆயர்கள் கூடி 1962 முதல் 1965 வரை நடத்திய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின்வந்த மாற்றங்களில் திருச்சபை பெரிதாக எதையோ தொலைத்துவிட்டது என்று நினைப்பவர்கள் எல்லாரையும் இந்தப் பெயரில்தான் அழைக்கிறோம். தொலைந்தது என்ன என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில் வரும். தொலைத்தது யார், இனி யாருக்குக் கீழ்ப்படிவது என்று கேட்டால்தான் சண்டை.

தோராயமாக மூன்று வகை. சங்கத்தையும் திருத்தந்தையையும் ஏற்று, உரிய அனுமதியோடு பழைய பூசை வைப்பவர்கள் ஒரு வகை. திருத்தந்தை திருத்தந்தைதான், ஆனால் சில விஷயங்களில் அவர் சொல்வதை ஏற்க மாட்டோம் என்பவர்கள் இன்னொரு வகை. உரோமையில் இருப்பவர் திருத்தந்தையே இல்லை, ஆசனம் காலி என்பவர்கள் மூன்றாவது; இவர்கள்தான் காலி ஆசனக்காரர்கள். கோயிலுக்குள் நுழைந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும்: அதே பூசை உடை, அதே தூபம், அதே லத்தீன். குழப்பமே அதனால்தான்.

2. பழைய பூசைக்கும் இப்ப இருக்கிறதுக்கும் மொழி மட்டும்தானே வித்தியாசம்?

மொழி அதில் சின்ன வித்தியாசம். ஆறாம் பவுல் 1969-இல் வெளியிட்ட புதிய பூசையையும் லத்தீனில் வைக்கலாம். லத்தீனைக் கைவிடச் சொல்லி வத்திக்கான் சங்கமும் கட்டளையிடவில்லை. 1963-இல் அது வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, லத்தீனைக் காக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது, தாய்மொழிக்கும் கூடுதல் இடம் கொடுக்கிறது.

பெரிய வித்தியாசம் மன்றாட்டுகளில் இருக்கிறது. பழைய பூசை பீடத்தின் அடியில் 42ஆம் சங்கீதத்தோடு தொடங்கி, யோவான் நற்செய்தியின் முதல் பகுதியோடு முடியும். காணிக்கை மன்றாட்டுகள் நீளமானவை, பலி என்பதை அழுத்திச் சொல்பவை. புதியதில் அவை மாற்றப்பட்டுச் சுருக்கப்பட்டன. பழையதில் நற்கருணை மன்றாட்டு ஒன்றே ஒன்று, அதையும் குரு வாய்க்குள் சொல்வார். வாசகங்களுக்குப் பழையதில் ஓராண்டுச் சுழற்சி, புதியதில் ஞாயிறுகளுக்கு மூன்றாண்டுச் சுழற்சி. வாசகங்களைப் பொறுத்தவரை புதியது வளமானது என்று மரபுக்காரர்களிலேயே சிலர் ஒப்புக்கொள்வார்கள், கொஞ்சம் குரலைத் தாழ்த்தி.

3. அப்போ புதுப் பூசை செல்லாதா?

செல்லும். லெஃபேவ்ர் பேராயரே அதைச் செல்லாது என்று சொன்னதில்லை. அவரைப் பற்றிக் கீழே வரும். முறைப்படி குருப்பட்டம் பெற்றவர், சரியான அப்பத்தையும் இரசத்தையும் கொண்டு, திருச்சபையின் எண்ணத்தோடு வைத்தால் பூசை செல்லும் என்பதுதான் முதல் இரண்டு வகையினரின் நிலைப்பாடு. 'செல்லும், ஆனாலும் விசுவாசத்துக்குக் கேடு, போகாதே' என்று இரண்டாம் வகையில் பலர் சொல்வார்கள்.

இந்தக் குறைகூறல் தெருவில் பிறந்ததல்ல. 1969 செப்டம்பரில் ஒத்தாவியானி, பாச்சி என்ற இரு கர்தினால்கள் புதிய பூசை பற்றிய ஒரு விமர்சன ஆய்வைத் தங்கள் கடிதத்தோடு திருத்தந்தைக்கு அனுப்பினார்கள். 16ஆம் நூற்றாண்டின் திரெந்து சங்கம் வகுத்த பூசை இறையியலிலிருந்து இது வெகுவாக விலகுகிறது என்பது அதன் சாரம். அந்த ஆய்வை எழுதியதில் பெரும்பங்கு வகித்த தொமினிக்கன் குரு பின்னாளில் எங்கே போய் நின்றார் என்பது 15ஆம் பதிலில்.

4. பழைய பூசையைத் தடை பண்ணிட்டாங்களா இல்லையா? ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொல்றாங்க.

திருத்தந்தையருமே ஒவ்வொன்று சொல்லியிருக்கிறார்கள். 1969 திருவருகைக் காலத்திலிருந்து புதிய பூசை நடைமுறைக்கு வந்தபோது, பழையது போய்விட்டது என்றுதான் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். 1971-இல் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளுக்கு மட்டும் ஒரு விலக்கு. 1984-இல் இரண்டாம் யோவான் பவுல் ஆயரின் அனுமதியோடு எந்த மறைமாவட்டத்திலும் வைக்கலாம் என்றார். 2007 ஜூலை 7 அன்று 16ஆம் பெனடிக்ட், பழைய பூசையின் கடைசிப் பதிப்பான 1962 பூசைப் புத்தகம் ஒருபோதும் நீக்கப்படவில்லை, எந்தக் குருவும் வைக்கலாம் என்று எழுதினார்.

2021 ஜூலை 16 அன்று பிரான்சிஸ் அதைத் திருப்பினார். உரோமை முறையின் இறைவேண்டல் விதிக்குப் புதிய புத்தகங்களே ஒரே வெளிப்பாடு என்றார். அனுமதி ஆயர் கையில் போனது. பங்குக் கோயில்களில் வைக்கக்கூடாது, இனிப் பட்டம் பெறும் குருக்களுக்கு உரோமையின் ஒப்புதல் வேண்டும் என்றும் வந்தது. அதே பிரான்சிஸ் 2022 பிப்ரவரியில் பழைய பூசைக்கென்றே இருக்கும் புனித பேதுரு குருக்கள் சபைக்கு (9ஆம் பதிலில் வரும்) மட்டும் பழைய புத்தகங்களை உறுதிசெய்து கொடுத்தார். ஆக 'தடையா?' என்றால், எந்த ஆண்டில், எந்த மறைமாவட்டத்தில், எந்தக் குருவுக்கு என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

5. லெஃபேவ்ர்னு ஒருத்தர் பேரை எல்லாரும் சொல்றாங்களே, யார் அவர்?

மார்செல் லெஃபேவ்ர், பிரெஞ்சுக்காரர், 1905-இல் பிறந்தவர். ஆப்பிரிக்காவில் நெடுநாள் மறைபரப்பாளர், தாக்கார் பேராயர், வத்திக்கான் சங்கத்தில் கலந்துகொண்டவர். 1970 நவம்பரில் சுவிட்சர்லாந்தில் ஃப்ரிபூர் ஆயரின் ஒப்புதலோடு புனித பத்தாம் பயஸ் சபையைத் தொடங்கினார். எகோன் என்ற இடத்தில் அதன் குருமடம். 1975-இல் ஒப்புதல் திரும்பப் பெறப்பட்டது. தடையை மீறி 1976-இல் குருப்பட்டம் கொடுத்தார், திருப்பணி செய்யும் உரிமையை இழந்தார்.

வயது 82 ஆனது. தனக்குப் பின் பட்டம் கொடுக்க ஆயர் வேண்டும். 1988 மே 5 அன்று உரோமையோடு உடன்பாட்டில் கையெழுத்திட்டார், மறுநாளே பின்வாங்கினார். ஜூன் 30 அன்று எகோனில், திருத்தந்தையின் ஆணை இல்லாமல் நான்கு ஆயர்களைத் திருநிலைப்படுத்தினார். கூட நின்று கை வைத்தவர் பிரேசிலின் காம்போஸ் மறைமாவட்டத்தின் ஓய்வுபெற்ற ஆயர் தெ காஸ்த்ரோ மேயர். மரபுக்காரர்களின் வரலாற்றில் அந்த நாளுக்கு முன், பின் என்றே பேசுவார்கள்.

6. அப்படின்னா அந்தச் சபைக்காரங்க சபை விலக்கம் ஆனவங்கதானே?

1988-இல் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டவர்கள் ஆறு ஆயர்கள்: பட்டம் கொடுத்த இருவர், பெற்ற நால்வர். சபையின் குருக்களுக்கோ, பூசைக்குப் போகும் மக்களுக்கோ அந்தத் தண்டனை பெயர் சொல்லி விதிக்கப்படவில்லை, பிரிவினையோடு முறையாகச் சேருவதற்கு எதிரான எச்சரிக்கை மட்டும் இருந்தது. நான்கு ஆயர்களின் விலக்கை 2009 ஜனவரியில் பெனடிக்ட் நீக்கினார். ஆனால் அதே ஆண்டு மார்ச்சில் எழுதிய கடிதத்தில், கோட்பாட்டுச் சிக்கல் தீராதவரை இந்தச் சபைக்குத் திருச்சபையில் சட்டப்படியான இடம் இல்லை என்றும் தெளிவாகச் சொன்னார்.

அந்த நால்வரில் வில்லியம்சன் 2012-இல் சபையிலிருந்தே வெளியேற்றப்பட்டு, 2015-இல் தனியாக ஓர் ஆயரைத் திருநிலைப்படுத்தி, மறுபடி விலக்கத்துக்கு ஆளானார். 2025 ஜனவரியில் இறந்தார். தீசியே தெ மல்லெரே அதற்கு முந்தின அக்டோபரில். நான்கு பேர் இரண்டானார்கள், லெஃபேவ்ருக்கு 82 வயதில் வந்த அதே கவலை சபைக்குத் திரும்ப வந்தது.

7. அவங்க பூசைக்குப் போனா ஞாயிறு கடன் தீருமா?

பூசை செல்லும். அவர்களின் பட்டம் உண்மையான பட்டம். ஆனால் சட்டப்படியான அனுமதி இல்லை. 'செல்லும்', 'சட்டப்படியானது' என்ற இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகாவிட்டால் இந்தப் பக்கத்தில் பாதி புரியாது. உரிமம் இல்லாத ஓட்டுநரும் வண்டியைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்.

இதே கேள்விக்கு வத்திக்கானின் உரிய ஆணையம் 2003-இல் ஒரு கடிதத்தில் பதில் சொல்லியிருக்கிறது: கண்டிப்பான பொருளில் கடன் தீரும், திருத்தந்தையிடமிருந்து பிரியும் எண்ணத்தோடு போகக்கூடாது, நாங்கள் பரிந்துரைக்கவில்லை. காணிக்கைத் தட்டில் சிறு தொகை போடுவதைக்கூட நியாயப்படுத்தலாம் என்ற வரியும் அதில் உண்டு. அந்த வரியை எத்தனை பேர் எனக்குச் சுட்டிக்காட்டினார்கள் என்றால் சிரிப்புத்தான் வரும்.

8. பூசை செல்லும்னா பாவசங்கீர்த்தனமும் செல்லும்தானே? அதுக்கு மட்டும் ஏன் பிரான்சிஸ் தனியா அனுமதி கொடுத்தார்?

பூசைக்குப் பட்டம் போதும். பாவத்தை மன்னிக்கப் பட்டத்தோடு அதிகாரமும் வேண்டும், அதை ஆயரோ சட்டமோதான் தர வேண்டும். மரண ஆபத்தில் இருப்பவருக்கு எந்தக் குருவும் மன்னிப்புத் தரலாம், அது தனி. மற்ற நேரத்தில் இந்தச் சபைக் குருக்களுக்கு அந்த அதிகாரம் உண்டா என்பது பல ஆண்டுச் சண்டை. அவசர நிலையில் திருச்சபையே கொடுக்கிறது என்று அவர்கள் சொல்லிவந்தார்கள்.

2015-இல் இரக்கத்தின் யூபிலி ஆண்டுக்கென்று பிரான்சிஸ் அந்த அதிகாரத்தைக் கொடுத்தார், 2016-இல் காலவரையறையின்றி நீட்டித்தார். 2017-இல் அவர்களின் திருமணங்களைச் சட்டப்படி நடத்த ஆயர்கள் வழிசெய்யலாம் என்றார். பழைய பூசையை இறுக்கிய அதே மனிதர்தான் இதையும் செய்தார். அவரை மரபின் எதிரி என்று மட்டும் சொல்பவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

9. அவசர நிலைன்னு சொன்னீங்களே, அது என்ன வாதம்? பேதுரு சபைக்காரங்க அதை ஏத்துக்கலையா?

திருச்சபைச் சட்டம் 1323-இன்படி, தவிர்க்க முடியாத தேவையின் பேரில் ஒரு சட்டத்தை மீறினால் தண்டனை இல்லை. வீடு பற்றி எரிகிறது, பூட்டை உடைத்தேன், அதற்குத் திருட்டு வழக்கா என்பது லெஃபேவ்ர் பக்கத்து வாதம். உரோமையின் பதில்: எரிகிறதா இல்லையா என்று சொல்ல வேண்டியவர் திருத்தந்தை, அவரோ வேண்டாம் என்று நேரடியாகவே சொல்லிவிட்டார்.

எகோன் நிகழ்ச்சி முடிந்து மூன்றே வாரங்களுக்குள், 1988 ஜூலை 18 அன்று, லெஃபேவ்ரை விட்டு வந்த சில குருக்கள் புனித பேதுரு குருக்கள் சபையைத் தொடங்கினார்கள். நேற்றுவரை ஒரே குருமடத்தில் ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள். வந்தவர்களை அங்கே துரோகிகள் என்றார்கள், இருந்தவர்களை இங்கே பிரிவினைக்காரர்கள் என்றார்கள். எனக்கு அவசர நிலை வாதம் ஒரு நாளுக்கு, ஓர் ஆண்டுக்குப் புரிகிறது. தலைமுறை தாண்டியும் நீளும் அவசரம் என்னவகை அவசரம் என்பதில்தான் தடுக்கிறது. பேதுரு சபைக்காரர்களுக்கும் ஒரு தலைவலி உண்டு: 2021-இல் பார்த்ததுபோல, கொடுத்த கை எடுத்தும் கொள்ளலாம்.

10. சங்கத்துல எந்த வரியைத்தான் எதிர்க்கிறாங்க? சும்மா 'சங்கம், சங்கம்'னு சொல்றாங்களே.

நியாயமான எரிச்சல். 16 ஏடுகளில் பிரச்சினை சில இடங்களில்தான். முதலாவது சமய சுதந்திரம். ஒன்பதாம் பயஸ் 1864-இல் கண்டித்த கருத்துகளின் பட்டியலையும், 1965 டிசம்பர் 7 அன்று சங்கம் வெளியிட்ட சமய சுதந்திர ஏட்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் யாருக்கும் ஒரு நிமிடம் நெற்றி சுருங்கும். அடுத்து பிற சபைகள், பிற சமயங்கள் பற்றிய ஏடுகள். 1986 அக்டோபரில் அசிசியில் எல்லாச் சமயத் தலைவர்களும் கூடி இறைவேண்டல் செய்தது லெஃபேவ்ருக்குக் கடைசி அடியாக விழுந்தது. பிறகு ஒரே ஒரு சொல்: கிறிஸ்துவின் திருச்சபை கத்தோலிக்கத் திருச்சபையாக 'இருக்கிறது' என்று சொல்லாமல், அதில் 'நிலைத்திருக்கிறது' என்று சங்கம் சொன்னது. அந்த வினைச்சொல்லின் மேல் நூலகம் நிறைய எழுதிவிட்டார்கள்.

இதை எப்படித் தீர்ப்பது என்பதில்தான் 1ஆம் பதிலின் மூன்று வகையும் பிரிகின்றன. 2005 டிசம்பர் 22 அன்று பெனடிக்ட் சொன்னதுபோல, முறிவாக வாசிக்காமல் தொடர்ச்சியாக, சீர்திருத்தமாக வாசிக்க வேண்டும் என்பது முதல் வகை. இது வழுவாமை கொண்ட போதனை அல்ல, அதனால் தவறியிருக்கலாம், எதிர்ப்போம் என்பது இரண்டாவது. உண்மையான திருத்தந்தை இப்படிப் போதித்திருக்கவே முடியாது, ஆகவே அவர் திருத்தந்தை அல்ல என்பது மூன்றாவது.

11. திருச்சபைக்கு வெளியே மீட்பே இல்லைங்கிறதுதான் மரபுக்காரங்க எல்லாரோட கருத்துமா?

வாக்கியத்தை எல்லாரும் ஏற்கிறார்கள், பொருளில் அடிதடி. அமெரிக்காவில் பாஸ்டனில் லியோனார்டு ஃபீனி என்ற இயேசு சபைக் குரு, தண்ணீரால் ஞானஸ்நானம் பெறாதவருக்கு மீட்பில்லை, ஆசை ஞானஸ்நானம் (பெற விரும்பியும் பெற முடியாமல் இறப்பவரின் விருப்பம்) போதாது என்று போதித்தார். கோட்பாட்டைக் காக்கும் வத்திக்கான் துறையான திரு அலுவலகம் 1949-இல் அதை மறுத்தது, 1953-இல் அவர் விலக்கப்பட்டார். கீழ்ப்படியாமை காரணம். 1972-இல் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டார். கவனியுங்கள், இதெல்லாம் பன்னிரண்டாம் பயஸ் காலத்திலேயே வெடித்தது, சங்கத்துக்கு முன்பே.

லெஃபேவ்ர் ஆசை ஞானஸ்நானத்தை ஏற்றவர். காலி ஆசனக்காரர்களிலும் பெரும்பாலோர் ஏற்பவர்கள். ஃபீனியின் வழி வருபவர்களில் சிலர் இந்த இரு தரப்பையுமே தப்பறைக்காரர்கள், அதாவது விசுவாசத்துக்கு மாறானதைப் பிடித்துக்கொள்பவர்கள், என்கிறார்கள்.

12. 1962 புத்தகம்தானே பழைய பூசை? அதுக்குள்ளயும் சண்டைன்னு சொல்றாங்க?

உண்டு. பன்னிரண்டாம் பயஸ் 1955-இல் புனித வாரத்தை மாற்றியமைத்தார். அதற்கு முன் பாஸ்கா திருவிழிப்பு (ஈஸ்டருக்கு முந்தின வழிபாடு) சனிக்கிழமை காலையிலேயே நடக்கும், பன்னிரண்டு இறைவாக்குகள் வாசிப்பார்கள். மாற்றத்துக்குப் பின் இரவுக்குப் போனது, வாசகங்கள் நான்காயின. பெரிய வெள்ளியன்று முன்பு குரு மட்டுமே நற்கருணை உட்கொள்வார், பிறகு மக்களுக்கும் கொடுக்கலாம் என்றானது. இதை வடிவமைத்தவர்களில் சிலர்தான் பின்னால் புதிய பூசையையும் உருவாக்கினார்கள், எனவே 1955-க்கு முன்புள்ளதே சுத்தமானது என்று ஒரு கூட்டம் சொல்கிறது.

1983-இல் அமெரிக்காவில் ஒன்பது குருக்கள் பத்தாம் பயஸ் சபையிலிருந்து வெளியேற்றப்பட்டதற்கு 1962 புத்தகத்தை மறுத்ததும் ஒரு காரணம். திருமணம் செல்லாது என்று மறைமாவட்டங்கள் கொடுத்த தீர்ப்புகளை ஏற்பதா, புதிய முறையில் பட்டம் பெற்ற குருவுக்கு மறுபடி நிபந்தனையோடு பட்டம் தர வேண்டாமா என்பவையும் சேர்ந்துகொண்டன. கோயில் சொத்துக்காக நீதிமன்றம்வரை போனார்கள்.

ஒரு வேடிக்கை. நன்மை (நற்கருணை) வாங்குவதற்கு முன் மக்கள் சார்பில் இரண்டாம் முறை சொல்லும் பாவ அறிக்கை 1962 புத்தகத்தில் கிடையாது. ஆனால் 1962 புத்தகமே சட்டம் என்று சத்தியம் செய்யும் பல கோயில்களில் அந்த நேரம் வந்ததும் பீடப் பையன் குனிந்து 'கொன்ஃபித்தெயோர்' என்று தொடங்கிவிடுவான். யாரும் அவனை நிறுத்துவதில்லை.

13. காலி ஆசனக்காரங்கன்னா யாரு? பேரே விசித்திரமா இருக்கே.

'சேதே வகாந்தே' என்றால் 'ஆசனம் காலியாக இருக்கையில்'. திருத்தந்தை இறந்து அடுத்தவர் வரும்வரை உள்ள இடைவெளிக்குத் திருச்சபை வைத்திருக்கும் பெயர் அது. 1958 அக்டோபரில் பன்னிரண்டாம் பயஸ் இறந்ததிலிருந்து அந்த இடைவெளி முடியவே இல்லை என்பவர்களைச் செதெவகாந்திஸ்டுகள் என்கிறோம். 23ஆம் யோவானை ஏற்று, ஆறாம் பவுலிலிருந்து எண்ணுபவர்களும் உண்டு.

இவர்களை அரைகுறைப் படிப்புக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். வாதம் நேர்த்தியானது: திருச்சபை தீங்கான வழிபாட்டை, தப்பான போதனையைத் தர முடியாது, இவர்கள் தந்தார்கள், ஆகவே இவர்கள் திருச்சபையின் தலைவர்கள் அல்லர். இரண்டாம் வகையினரைப் பார்த்து இவர்கள் கேட்கும் கேள்வியும் கூர்மையானது: திருத்தந்தை என்று ஒப்புக்கொண்டுவிட்டு, அவர் சொல்வதைச் சலித்துப் பார்த்து ஏற்பது என்ன கத்தோலிக்கம்?

14. திருத்தந்தை தப்பறையில விழுந்தா பதவி தானா போயிடுமா?

பழைய இறையியலாளரான கர்தினால் பெல்லார்மின் இதில் ஐந்து கருத்துகளை வரிசைப்படுத்தியவர். வெளிப்படையான தப்பறைக்காரர் தானாகவே திருத்தந்தை ஆவதிலிருந்து நின்றுவிடுகிறார் என்பது அவர் ஏற்ற கருத்து. காலி ஆசனக்காரர்கள் பிடித்துக்கொள்வது இதைத்தான். அப்படி நடக்கவே நடக்காது என்பதுதான் அவருடைய சொந்த நம்பிக்கை என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. அவருக்கு முந்தின இறையியலாளர் கர்தினால் காயத்தான் வேறு மாதிரி: திருச்சபை தீர்ப்புச் சொல்லாமல் பதவி போகாது. வரலாற்றில் முதலாம் ஒனோரியுஸ் என்ற திருத்தந்தை இறந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 680-81 கொன்ஸ்தாந்திநோபிள் சங்கத்தில் கண்டிக்கப்பட்டார். திருத்தந்தையர் பட்டியலிலிருந்து அவரை யாரும் எடுக்கவில்லை.

எனக்குள்ள சிக்கல் வேறு. பேதுருவுக்கு என்றும் வழித்தோன்றல்கள் இருப்பார்கள் என்று 1870-இல் முதலாம் வத்திக்கான் சங்கம் வரையறுத்தது. 1958-க்கு முன் நியமிக்கப்பட்ட கர்தினால்கள் எல்லாரும் போய்விட்டார்கள். ஆசனம் அன்றிலிருந்தே காலி என்றால், அடுத்த திருத்தந்தையை யார் தேர்ந்தெடுப்பது? இதற்கு அவர்களிடம் கிடைத்த பதில்கள்தான் 15, 18, 19ஆம் கேள்விகளில் வருகின்றன.

15. பாதித் திருத்தந்தைன்னு ஒரு கொள்கை இருக்காமே?

கேலியாகச் சொல்கிறார்கள், ஆனால் அதுதான். 3ஆம் பதிலில் சொன்ன தொமினிக்கன் குரு கெரார் தெ லோரியே வகுத்தது. தேர்தல் சட்டப்படி நடந்ததால் அவர் ஆசனத்தில் உட்கார்ந்திருக்கிறார், திருச்சபையின் நன்மையை நாடும் எண்ணம் இல்லாததால் கடவுள் தரும் அதிகாரம் அவருக்கு வரவில்லை. பொருளளவில் திருத்தந்தை, வடிவளவில் அல்ல. மனம் மாறினால் அன்றே முழுத் திருத்தந்தை. இதனால் தேர்தல் சங்கிலி அறுபடாமல் நிற்கிறது. 14ஆம் பதிலின் கடைசிக் கேள்விக்கு இதைவிடச் சாமர்த்தியமான பதிலை நான் பார்க்கவில்லை. முழுக் காலி ஆசனக்காரர்களுக்கு இது கண்ணிலேயே காட்டக்கூடாது.

16. பூசையில உட்கார்ந்திருக்கும்போதே அந்தக் குரு எந்தப் பக்கம்னு கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், காது கூர்மையாக இருந்தால். தூயவர் பாடல் தொடங்கிவிட்டது. பாடகர் குழு மேலே பாடிக்கொண்டிருக்க, குரு பீடத்தின்மேல் ஆழமாகக் குனிகிறார், அதை முத்தமிடுகிறார், நிமிர்ந்து மூன்று சிலுவை அடையாளம் வரைகிறார், கைகளை விரிக்கிறார். இதெல்லாம் ஓசையின்றி. அந்த முதல் மன்றாட்டிலேயே ஒரு வரி: 'ஊனா கும் ஃபாமுலோ தூவோ பாப்பா நோஸ்த்ரோ', உம் ஊழியரான எங்கள் திருத்தந்தையோடு ஒன்றித்து. அடுத்து ஒரு பெயர் வர வேண்டும். முதல் இரண்டு வகைக் குருக்களும் ஆளும் திருத்தந்தையின் பெயரைச் சொல்வார்கள். காலி ஆசனக்காரர் அந்த வரியை விட்டுவிடுவார்.

மக்களுக்கு அது கேட்காது. ஆனாலும் ஒரு பொய்த் திருத்தந்தையோடு ஒன்றித்து வைக்கும் பூசைக்கு, அது பழைய பூசையாகவே இருந்தாலும், போவது பாவம் என்று அவர்களில் ஒரு பிரிவு சொல்கிறது. வேறு பூசை கிடைக்காதபோது போகலாம் என்று மறு பிரிவு. வாய்க்குள் சொல்லப்படும் ஒரு பெயருக்காகக் குடும்பம் குடும்பமாக வெவ்வேறு கோயிலுக்குப் பிரிந்து போயிருக்கிறார்கள்.

17. அவங்களுக்கு ஆயர்கள் எங்கிருந்து வந்தாங்க?

பெரும்பாலும் ஒரே ஒருவரிடமிருந்து. வியட்நாமின் ஹுவே பேராயராக இருந்த ங்கோ டின் துக். கொல்லப்பட்ட வியட்நாம் அதிபர் டியெமின் அண்ணன். நாடு திரும்ப முடியாமல் ஐரோப்பாவில் தனித்து வாழ்ந்தவர். 1976 ஜனவரியில் ஸ்பெயினில் பால்மார் தெ த்ரோயாவுக்குப் போய், அன்னை மரியாவின் காட்சி கண்டதாகச் சொன்னவர்களை ஆயர்களாக்கினார். விலக்கப்பட்டார், மன்னிப்புக் கேட்டார், சேர்த்துக்கொள்ளப்பட்டார். 1981-இல் மறுபடியும்: தூலோனில் கெரார் தெ லோரியேவையும், பின் மெக்சிக்கோ குருக்கள் இருவரையும் ஆயர்களாக்கினார். 1982-இல் ஆசனம் காலி என்று அறிவித்தார். 1984-இல் இறக்குமுன் உரோமையோடு ஒப்புரவாகிவிட்டார் என்று ஒரு தரப்பு, இல்லை என்று மறு தரப்பு.

அந்தத் திருநிலைப்பாடுகள் செல்லுமா? சடங்கு முழுமையாக நடந்திருந்தால் செல்லும், சட்டப்படியானது அல்ல என்று 7ஆம் பதிலின் அளவுகோலையே வைக்கலாம். ஆனால் 12ஆம் பதிலின் ஒன்பது குருக்களில் ஒருவரான கிளாரென்ஸ் கெல்லி, துக் வழியே சந்தேகத்துக்குரியது என்றார். அவருடைய ஐந்தாம் பயஸ் சபை, துக் வழிக் குருக்களின் பூசைக்குப் போகிறவர்களுக்கு நன்மை தர மறுக்கும். அந்த ஒன்பதில் வேறு சிலரோ துக் வழியிலேயே ஆயர்களானார்கள்.

18. தாங்களே ஒரு திருத்தந்தையைத் தேர்ந்தெடுத்தவங்களும் இருக்காங்களாமே?

பலர். பால்மாரில் துக்கிடம் பட்டம் பெற்ற கிளெமெந்தே தொமிங்கேஸ், 1978-இல் ஆறாம் பவுல் இறந்ததும் தன்னைப் 17ஆம் கிரகோரி என்று அறிவித்துக்கொண்டார். அந்த வரிசை இன்னும் நடக்கிறது. மூன்றாவதாக வந்தவர் 2016-இல் பதவியை விட்டுவிட்டுத் திருமணம் செய்துகொண்டார். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் 1990-இல் டேவிட் பாவ்டன் என்பவரை ஆறு பேர் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். ஆறில் அவரும் ஒருவர், அவருடைய பெற்றோர் இருவர். மைக்கேல் என்ற பெயரில் 2022-இல் இறக்கும்வரை தன்னைத் திருத்தந்தை என்றே கருதினார். பெரும்பாலான காலி ஆசனக்காரர்கள் இவர்களை அண்ட விடுவதில்லை.

19. உண்மையான திருத்தந்தையை மறைச்சுட்டாங்கன்னு சொல்றது?

இரண்டு கதை. 1958 அக்டோபர் 26 மாலை வெண்புகை போலத் தெரிந்து பிறகு கறுத்ததை வைத்து, ஜெனோவாவின் கர்தினால் சிரியே தேர்ந்தெடுக்கப்பட்டார், மிரட்டி விலக வைத்தார்கள் என்பது ஒன்று. சிரியோ 1989-இல் இறக்கும்வரை 23ஆம் யோவானையும் பின்வந்தவர்களையும் ஏற்று வாழ்ந்தார்.

இன்னொன்று பெனடிக்ட். 2013 பிப்ரவரி 11 அன்று லத்தீனில் வாசித்த அறிக்கையில் 'மூனுஸ்' என்ற பதவியைத் துறக்காமல் 'மினிஸ்தேரியும்' என்ற பணியைத்தான் துறந்தார், ஆகவே துறவு செல்லாது, பிரான்சிஸ் திருத்தந்தை அல்ல என்றார்கள். அதே அறிக்கை, பேதுருவின் ஆசனம் பிப்ரவரி 28 இரவு 8 மணிக்குக் காலியாகும், புதியவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 2022 டிசம்பர் 31 அன்று பெனடிக்ட் இறந்ததும் இவர்களும் 14ஆம் பதிலின் முட்டுச்சந்துக்கே வந்து சேர்ந்தார்கள்.

20. பிரான்சிஸை எதிர்த்துக் கேள்வி கேட்ட கர்தினால்களும் இந்தக் கூட்டம்தானா?

இல்லை. 2016-இல் பர்க், பிரான்ட்முல்லர், கஃபார்ரா, மைஸ்னர் என்ற நான்கு கர்தினால்கள், மணமுறிவுக்குப் பின் மறுமணம் செய்தோர் நற்கருணை பெறுவது முதலியவை பற்றித் தெளிவு கேட்டு ஐந்து கேள்விகள் அனுப்பினார்கள். திருத்தந்தையிடம் கேட்பது அவரை ஏற்பதன் அடையாளம்தானே. விகனோ பேராயர் வேறு. பிரான்சிஸின் அதிகாரத்தையும் வத்திக்கான் சங்கத்தையும் மறுத்ததற்காக 2024 ஜூலையில் பிரிவினைக் குற்றத்தில் விலக்கப்பட்டார். 2025 அக்டோபரில், 14ஆம் லியோ காலத்தில், புனித பேதுரு பெருங்கோயிலில் பழைய பூசை வைத்தவர் அதே பர்க்.

21. நான் காலி ஆசனக்காரங்க கோயில்ல கல்யாணம் பண்ணேன், பிள்ளைக்கு ஞானஸ்நானமும் அங்கேதான். இப்ப பங்குக்குத் திரும்பணும். எது செல்லும்?

ஞானஸ்நானம் செல்லும். தண்ணீர் ஊற்றி, தமத்திரித்துவத்தின் பெயரைச் சொல்லி, திருச்சபையின் எண்ணத்தோடு யார் கொடுத்தாலும் செல்லும். மறுபடி கொடுக்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள், கொடுத்த சான்றை எடுத்துப்போய் பதிவு செய்யக் கேளுங்கள்.

திருமணம் வேறு கதை. கத்தோலிக்கர் திருமணம் செல்ல, ஆயரோ பங்குக் குருவோ அவர்களிடம் அதிகாரம் பெற்றவரோ, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் சம்மதத்தைக் கேட்டுப் பெற வேண்டும். 8ஆம் பதிலில் சொன்ன 2017 ஏற்பாடு பத்தாம் பயஸ் சபைக்கு மட்டும்தான், இவர்களுக்கு இல்லை. எனவே பெரும்பாலும் இந்தத் திருமணம் முறைக்குறையால் செல்லாததாகவே கருதப்படும். சரிசெய்வது கடினமில்லை: பங்குக் குரு முன்னிலையில் சம்மதத்தைப் புதுப்பிக்கலாம், அல்லது ஆயர் அதை மூலத்திலிருந்தே செல்லுபடியாக்கலாம். பிள்ளைகள் முறைகேடானவர்களா என்று அழுதுகொண்டே ஓர் அம்மா கேட்டார். இல்லை. நல்லெண்ணத்தோடு கொண்டாடிய திருமணத்தில் பிறந்த பிள்ளைகளை அப்படிக் கருத வேண்டியதில்லை. அந்த அம்மாவைத் திருமணச் சான்று, ஞானஸ்நானச் சான்று இரண்டையும் எடுத்துக்கொண்டு பங்குக் குருவிடம் போகச் சொன்னேன். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள்.